ஜோடிக்கு மதிப்பெண், மாஸ்டருக்குப் பங்கு

இந்தியத் தொலைக்காட்சி நடனப் போட்டிகளைப் பற்றி எழுத உட்காரும் எவரும் பல்லவி சக்ரவர்த்தியைத் தாண்டிப் போக முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக 2017இல் வந்த அவருடைய ‘திஸ் இஸ் ஹவ் வி டான்ஸ் நவ்!’, கொல்கத்தாவிலும் மும்பையிலும் நேரில் பார்த்துச் செய்த களப்பணியிலிருந்து பிறந்த நூல். ரியாலிட்டி நிகழ்ச்சிகள் வந்த பிறகு குரு–சீடப் பிணைப்பு தளர்ந்துவிட்டது, குருவின் இடத்தில் கோரியோகிராஃபர் அமர்ந்துவிட்டார், ரசம் என்ற பழைய அளவுகோலை ரீமிக்ஸ் அழகியல் தள்ளிவிட்டது என்பது அதன் மைய வாசிப்பு. சிறு நகரத்து, நடுத்தட்டுப் பிள்ளைகளின் ஏக்கத்தையும் முன்னேற்றத்தையும் அவர் பரிவோடு பதிவு செய்திருக்கிறார். அந்தப் பகுதியோடு யாருக்கும் சண்டையிருக்க முடியாது.

சிக்கல் முதல் கூற்றில்தான். மும்பைக்குப் பொருந்தும் அந்த ‘முறிவு’ கோடம்பாக்கத்துக்குப் பொருந்துகிறதா? பிரபலங்கள் ஜோடியாக ஆடும் தமிழ் நிகழ்ச்சிகளில் மதிப்பெண் எப்படிப் போடப்பட்டது என்று பார்த்தால், பொருந்தவில்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே குரு போய்க் கோரியோகிராஃபர் வரவில்லை. ஆட்டுவிப்பவரும் ஆடுபவரும் என்ற பழைய கூட்டுத்தான், யாருடைய திறமையை எடை போடுகிறோம் என்ற தீராத கேள்வியோடு, புதிய விளக்கொளியில் வந்து நிற்கிறது.

போட்டியின் அமைப்பிலிருந்தே தொடங்கலாம். பிபிசி 2004 மே மாதத்தில் தொடங்கிய ‘ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்’கில் ஒரு பிரபலமும் ஒரு தொழில்முறை ஆட்டக்காரரும் ஜோடி. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஏபிசி அதை ‘டான்சிங் வித் த ஸ்டார்ஸ்’ ஆக்கியது. 2006இல் சோனி அதை ‘ஜலக் திக்லா ஜா’ என்று இந்திக்குக் கொண்டுவந்தது. முதல் பட்டம் மோனா சிங்குக்கு. இவை மூன்றிலும் சொல்லித் தருபவர் தளத்திலேயே கையைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறார். அதே 2006இல் விஜய் டிவி தொடங்கிய ‘ஜோடி நம்பர் ஒன்’ வேறு வழியில் போனது. ஜோடியில் இருவரும் சின்னத்திரை முகங்கள். சொல்லித் தந்த மாஸ்டர் தளத்துக்கு வெளியே நின்றார். 2007இல் கலைஞர் தொலைக்காட்சியில் கலா மாஸ்டர் நடத்திய ‘மானாட மயிலாட’வும் இதே வழிதான்.

சிறிய மாற்றம் போலத் தோன்றும். ஆனால் மதிப்பீட்டின் கணக்கே இதனால் மாறிவிடுகிறது.

தொழில்முறை ஆட்டக்காரர் தளத்தில் இருக்கும்போது நடுவர்கள் போடும் எண் இருவருக்கும் பொது. பிரபலம் தடுமாறினால் துணைவரும் சேர்ந்து வெளியேறுகிறார். கமிலா டாலரப் முதல் பருவத்திலிருந்தே ‘ஸ்ட்ரிக்ட்லி’யில் ஆடியவர். அவருக்குப் பட்டம் கிடைத்தது ஆறாவது பருவத்தில், 2008இல், டாம் சேம்பர்ஸ் ஜோடியாக வந்தபோதுதான். அவருடைய ஆட்டம் அந்த ஆண்டு மட்டும் திடீரென்று உயர்ந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஜோடிக்குப் போடும் எண் பயிற்சி தந்தவரை அளக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அந்தப் பருவத்தின் அரையிறுதி இன்னொன்றையும் காட்டியது. நடுவர்களின் எண்கள் தரவரிசைப் புள்ளிகளாக மாற்றப்பட்டு, நேயர் வாக்கின் புள்ளிகளோடு கூட்டப்படுவது அங்கே வழக்கம். மூன்று ஜோடிகள் மிஞ்சிய வாரத்தில் ரேச்சல் ஸ்டீவன்ஸும் லிசா ஸ்னோடனும் முதலிடத்தில் சமம். ஆளுக்கு 3 புள்ளி. சேம்பர்ஸுக்கு 1. நேயர்கள் அவரையே முதலிடத்தில் வைத்தாலும் அவருக்கு 4தான். மற்ற இருவரில் ஒருவருக்கு 5, இன்னொருவருக்கு 4. கடைசி இருவருக்கான மறு ஆட்டத்திலிருந்து அவரைக் காப்பாற்ற எந்த வாக்காலும் முடியாது. வாக்களிப்பு நடந்துகொண்டிருந்தபோது இது தெரியவந்தது. மூன்று ஜோடிகளையும் இறுதிச் சுற்றுக்கு அனுப்பிச் சமாளித்தார்கள். அதில் வென்றவர் சேம்பர்ஸ்.

தமிழ் மேடையில் நடுவர்கள் இந்தக் குழப்பத்துக்கு வேறு வழி கண்டார்கள். ஆட்டம் முடிந்ததும் ஜோடியைப் பாராட்டிவிட்டு, “மாஸ்டர் எங்கே?” என்று கேட்டு அவரை மேடைக்கு வரவழைப்பார்கள். அமைப்பு நன்றாக இருந்தது, இவர்கள் உடம்பில் ஏறவில்லை என்பார்கள். அல்லது இவர்களால் முடிந்ததை வைத்தே அழகாகக் கட்டியிருக்கிறீர்கள் என்பார்கள். கலா மாஸ்டரின் வாயால் ஊரெங்கும் பரவிய ‘கெமிஸ்ட்ரி’ ஜோடிக்கானது. ஸ்டெப்பும் அமைப்பும் மாஸ்டருக்கானவை. அட்டையில் ஒரே எண். வாய்மொழியில் இரண்டு தீர்ப்பு. சக்ரவர்த்தியின் சட்டகத்தில் இந்த இரண்டாவது தீர்ப்புக்கு இடமே இல்லை.

இந்தப் பிரிப்பு தொலைக்காட்சி கண்டுபிடித்ததா? இங்கேதான் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்றை நிதானமாகப் படிக்க வேண்டும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் 66ஆம் எண்ணாக ஹுல்ட்ஷ் பதிப்பித்தது. முதலாம் இராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டை (1014) சேர்ந்தது. தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட கோயில் பெண்கள் ஏறத்தாழ 400 பேரை, எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் பக்க வரிசை), எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்று பெயர் பெயராக அது அடுக்குகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. ஒரு பங்கென்றால் ஆண்டுக்கு நூறு கலம் நெல். பெண்களின் பட்டியலை அடுத்து வருகிறார்கள் நட்டுவம் செய்பவர்கள். அவர்களுக்கு ஆளுக்கு இரண்டு பங்கு.

கல்வெட்டைப் படித்தவர்கள் பெரும்பாலும் பெண்களின் எண்ணிக்கையிலேயே நின்றுவிட்டார்கள். இந்த இரண்டு பங்கு தனியாகக் கவனிக்கப்பட வேண்டியது. ஆடுபவருக்கும் ஆட்டுவிப்பவருக்கும் கூட்டாக ஒரு தொகை வைத்துப் பிரித்துக்கொள்ளச் சொல்லவில்லை. இருவரையும் தனித்தனியே எடை போட்டு, ஒன்றுக்கு இரண்டு என்று அரசே விகிதம் வைத்திருக்கிறது.

இதைவிட முக்கியமானது வாரிசு விதி. பங்கு பெற்றவர் இறந்தாலோ வெளியேறினாலோ அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணி செய்யலாம். உறவினர் தகுதியற்றவராக இருந்தால், தகுதியுள்ள ஒருவரை வைத்து வேலையை நடத்த வேண்டும். உறவினரே இல்லையென்றால் அந்தந்தத் தொழிலைச் சேர்ந்தவர்களே தகுதியுள்ளவரைத் தேர்ந்து அமர்த்த வேண்டும். தகுதி என்பது பிறப்போடு ஒட்டியதல்ல, பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். தீர்மானிப்பவர்களும் அதே தொழில்காரர்கள். நாற்காலியில் ஒரு டான்ஸ் மாஸ்டரையும் ஒரு திரை நட்சத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கும் இன்றைய நடுவர் குழுவைவிட இது கறாரான ஏற்பாடு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சோழர் காலக் கோயில் பெண்களைப் பற்றி 2000இல் விரிவாக எழுதிய லெஸ்லி ஓர், தஞ்சைக் கல்வெட்டு விதிவிலக்கானது, அதை வைத்து எல்லாக் கோயில் பெண்களையும் ஆடல் மகளிர் என்று கொள்ளக்கூடாது என்று எச்சரித்தார். எச்சரிக்கை நியாயமானது; பெரும்பாலான கல்வெட்டுகள் அவர்களைக் கொடையாளர்களாகவே காட்டுகின்றன. ஆனால் இங்கே கேள்வி எத்தனை பேர் ஆடினார்கள் என்பதல்ல. ஆடலையும் நட்டுவத்தையும் வேறு வேறாக மதிப்பிடும் எண்ணம் இருந்ததா என்பதே. அதற்கு ஒரு கல்வெட்டு போதும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் துணைக்கு வருகிறது. மாதவி அரங்கில் ஏறுவதற்கு முன்பே ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவரின் தகுதியையும் அது வரிசையாகச் சொல்லிவிடுகிறது. ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பெறுபவள் மாதவி. காப்பியத்தின் காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே நூற்றாண்டுக் கணக்கில் கருத்து வேறுபாடு உண்டென்பதால், அதைக் கல்வெட்டுக்கு முந்திய சான்று என்பதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

1014க்கும் 2006க்கும் நடுவே நேர்க்கோடு போட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கோடு மீண்டும் தெளிவாகத் தெரிகிறது: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர், அவர்கள் வழியில் வந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அங்கிருந்து திரைக்கு வழி எப்படித் திறந்தது என்பதை ஹரி கிருஷ்ணனின் 2019ஆம் ஆண்டு நூல் நன்றாகக் காட்டியிருக்கிறது. நட்டுவனார்கள் ஸ்டுடியோக்களுக்குப் போனார்கள். வழுவூர் இராமையா பிள்ளையின் மாணவி குமாரி கமலா, 1947இல் வந்த ‘நாம் இருவர்’ படத்தில் ஆடினார். சினிமாவில் டான்ஸ் மாஸ்டர் என்ற தொழில் உருவான தளங்களில் நட்டுவனார்கள் முன்பே நின்றிருந்தார்கள். கலா மாஸ்டரும் தம் அக்காள் கணவர் ரகுராமிடம் உதவியாளராக இருந்து வளர்ந்தவர். குடும்பத்துக்குள் தொழில் கைமாறும் முறைகூட மாறவில்லை. நட்டுவனாரும் சினிமா மாஸ்டரும் ஒருவரே என்று இதனால் சொல்லிவிட முடியாது. சாதியும் சம்பளமும் மேடையும் மாறியிருக்கின்றன. உறவின் வடிவம் மாறவில்லை என்பதே வாதம். சான்று மெலிந்த இடம் இதுதான். ஆனால் முறிவு நடந்தது என்பவர்கள்தாம் அது எந்த ஆண்டில், எந்தத் தளத்தில் நடந்தது என்று காட்ட வேண்டும்.

கொங்கு நாட்டில் இதைச் சோதித்துப் பார்க்க இன்னும் வழியிருக்கிறது. துடியலூரிலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் வடக்கே போனால், பெரியநாயக்கன்பாளையம் தாண்டிக் காரமடை வட்டாரம் வரை வள்ளிக் கும்மி அரங்கேற்றம் நடக்கும் ஊர்கள். தேக்கம்பட்டி பத்ரப்பன் இந்தப் பக்கத்துக்காரர். வள்ளி ஒயில் கும்மிக்காக 2024இல் பத்மஸ்ரீ பெற்றவர். ஆண்களிடமே இருந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் சொல்லித் தந்தவர் என்பது அவருக்குப் பெருமை சேர்த்த காரணங்களில் ஒன்று. அரங்கேற்றத்தில் எண் கிடையாது, பட்டம் கிடையாது. ராத்திரி ராத்திரியாகப் பழகிய ஊர்க்காரர்கள் சலங்கை கட்டிச் சேர்ந்து ஆடுவார்கள். பார்க்க வந்த பெரியவர்கள் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பது, “யாருங்க வாத்தியாரு?” அடி பிசகாமல் விழுந்தால் பேர் வாத்தியாருக்கு, குழம்பினாலும் அவருக்குத்தான். தஞ்சைக் கல்வெட்டின் இரண்டு பங்கை நெல் இல்லாமல் நடைமுறையில் பார்ப்பது இது.

ஆகவே சக்ரவர்த்தியின் வாசிப்பை முழுவதும் தள்ள வேண்டியதில்லை. அதன் எல்லையை வரைந்தால் போதும். ‘ஜலக்’ போன்ற நிகழ்ச்சியில் கோரியோகிராஃபர் போட்டியாளராகவே மாறிவிட்டதால் முறிவு என்ற பேச்சுக்கு இடமிருக்கிறது. தமிழில் மாஸ்டர் வெளியே நின்றதாலேயே நட்டுவனாரின் இடம் அவருக்குக் கிடைத்தது. ஆனால் இழப்பும் அதனால்தான். தஞ்சையில் நட்டுவனாருக்குப் பெயரும் பங்கும் கல்லில் இருக்கின்றன. ‘ஜோடி நம்பர் ஒன்’, ‘மானாட மயிலாட’, பின்னால் வந்த ‘டான்ஸ் ஜோடி டான்ஸ்’, ‘பிபி ஜோடிகள்’ வரை எந்தப் பருவத்தில் எந்த ஜோடி வென்றது என்று கேட்டால் நேயர்கள் சொல்லிவிடுவார்கள். அந்த ஜோடியை ஆட்டுவித்த மாஸ்டர் யார் என்று கேட்டால் தயங்குவார்கள். அந்த மாஸ்டர்களில் பலர் இன்றும் கோடம்பாக்கத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். பழைய பருவங்களின் மதிப்பெண் அட்டைகளையும், ஒவ்வொரு சுற்றுக்கும் நடனம் அமைத்தவர்களின் பெயர்களையும் சேனல்கள் திரட்டி ஆய்வாளர்களுக்குத் தர வேண்டும்; நாட்டியத் துறை மாணவர்கள் அந்த மாஸ்டர்களை இப்போதே நேரில் கண்டு பதிவு செய்ய வேண்டும்.