செல்லப்பிராணியை வருடும்போது மனம் லேசாவது ஏன்?

வேலைக் களைப்போடு வீடு திரும்பும்போது காலைச் சுற்றி வரும் பூனையை, வாசலில் வாலாட்டி நிற்கும் நாயைத் தடவிக் கொடுத்தால் மனபாரம் குறையும். ஆடு, மாடு, கோழி, நாய் என்று பல உயிர்களோடு தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. அந்த ஆறுதல் வெறும் நினைப்பும் அல்ல. அப்போது உடலுக்குள்ளும் மாற்றம் நடக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

உடலில் நடப்பது என்ன?

நமது கை, கால், முதுகுத் தோலில் மென்மையான, மெதுவான வருடலை உணர்வதற்கென்றே தனி வகை நரம்புகள் உள்ளன. அவை அனுப்பும் செய்தியை மூளை இதமான உணர்வாக எடுத்துக்கொள்கிறது. மடியில் படுத்த பூனை முன்கையில் உரசும்போது கிடைக்கும் சுகம் இவ்வகையைச் சேர்ந்தது.

2003-இல் வெளிவந்த தென்னாப்பிரிக்க ஆய்வில், நாயோடு அன்பாகப் பழகியவர்களின் இரத்தத்தில் பாச உணர்வோடு தொடர்புடைய ஆக்சிடோசின் உயர்ந்தது. மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசோல் குறைந்தது. நாய்களுக்கும் ஆக்சிடோசின் உயர்ந்தது. ஆறுதல் இரு பக்கமும் கிடைக்கிறது என்பதே இதன் பொருள்.

2019-இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் 249 மாணவர்களை நான்கு குழுவாகப் பிரித்துச் சோதித்தது. பத்து நிமிடம் நாய், பூனைகளைத் தொட்டு விளையாடியவர்களுக்குக் கார்டிசோல் குறைந்தது. பிறர் விளையாடுவதைப் பார்த்து நின்றவர்களுக்கோ, படங்களை மட்டும் பார்த்தவர்களுக்கோ அதே பலன் கிடைக்கவில்லை. கைத்தொலைபேசியில் பூனைக் காணொளி பார்ப்பது நேரில் தொட்டுப் பழகுவதற்கு ஈடாகாது.

இதயத்துக்கு நல்லதா?

1980-இல் அமெரிக்காவில் இதய நோயாளிகள் 92 பேரை ஓராண்டு கவனித்தனர். செல்லப்பிராணி வைத்திருந்த 53 பேரில் 3 பேர் இறந்தனர். இல்லாத 39 பேரில் 11 பேர் இறந்தனர். பிராணிதான் உயிரைக் காத்தது என்று இதைக் கொண்டு முடிவுகட்ட முடியாது. ஆனால் இத்துறையில் பல ஆய்வுகள் தொடர இது வழிவிட்டது.

2001-இல் வெளியான மற்றோர் ஆய்வில், உயர் இரத்த அழுத்தம் உள்ள 48 பங்குத் தரகர்களுக்கு மாத்திரை கொடுக்கப்பட்டது. பாதிப் பேர் அதோடு பூனையோ நாயோ வளர்த்தனர். மாத்திரை எல்லாருக்கும் அழுத்தத்தைக் குறைத்தது. பதற்றமான நேரத்தில் அழுத்தம் ஏறுவது மட்டும் பிராணி வளர்த்தவர்களுக்குக் குறைவாக இருந்தது. ஆகவே பூனை வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருக்க, அடுக்குமாடி வீட்டில் தனித்து வாழும் பெரியவர்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. நேரத்துக்கு உணவு கேட்கும் ஓர் உயிர் வீட்டில் இருந்தால், நாளுக்கு ஓர் ஒழுங்கு வந்துவிடும். பேசுவதற்கும் ஒரு துணை கிடைக்கும்.

எப்படித் தொடுவது?

பிராணியே அருகில் வரட்டும். பூனைக்குக் கன்னம், தாடை, காதடி பிடிக்கும். வயிறும் வாலடியும் பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்காது. பழகாத நாயின் தலைக்கு மேல் கையை நீட்டாமல், பக்கவாட்டில் நின்று மார்பிலோ தோளிலோ தடவுங்கள். சில விநாடிகள் தடவி நிறுத்துங்கள்; மீண்டும் ஒட்டி வந்தால் தொடருங்கள். காதை மடக்கினாலோ, பூனை வாலை வெடுக்கென ஆட்டினாலோ விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கு இதை முதலில் கற்றுக்கொடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

தொட்ட பிறகு கைகழுவுங்கள். கர்ப்பிணிகள் பூனைக் கழிவை அள்ள வேண்டாம். பூனைக் கீறலால் பரவும் ஒரு பூஞ்சைத் தோல்நோய் மலேசியாவில் உண்டு. கீறிய இடம் புண்ணாகி ஆறாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் பிராணியை வீட்டுக்குக் கொண்டுவருமுன் மருத்துவரிடம் கேளுங்கள்.

2015-இல் பினாங்கு, கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. தெருநாய்களைக் கொல்ல பினாங்கு அரசு எடுத்த முடிவு பெரும் சர்ச்சையானது. வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசி போடுவது ஏன் அவசியம் என்பதற்கு அந்த ஆண்டே சாட்சி. நாய் கடித்தால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஜோர்ஜ்டவுனில்

ஆர்மேனியன் சாலைப் பக்கம் சுவர்களில் காணும் பூனை ஓவியங்களில் பல, 2013-இல் '101 காணாமற்போன பூனைக்குட்டிகள்' என்ற திட்டத்தில் வரையப்பட்டவை. சுற்றுப்பயணிகள் அவற்றோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஆதரவற்ற பிராணிகள் மீது இரக்கம் பிறக்க வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம்.

வளர்க்க விரும்புவோர் காசு கொடுத்து வாங்குமுன், ஜெட்டி ஜெலுத்தோங்கில் உள்ள பிராணி வதைத் தடுப்புச் சங்கக் காப்பகத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். நாய்க்கு மாநகர் மன்ற உரிமம் தேவை. அடுக்குமாடியில் இருப்போர் நிர்வாகத்தின் விதியை முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. 2017 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள 2015 விலங்குநலச் சட்டத்தின்படி, பிராணிகளைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

பூனையும் நாயும் பத்து ஆண்டுக்கு மேல் வாழக்கூடியவை. குட்டியாக இருக்கும்போது கொஞ்சிவிட்டு, வளர்ந்ததும் சந்தையோரம் விட்டுவிட்டு வருவது பாவம். கடைசிவரை பார்த்துக்கொள்ள முடியும் என்றால் மட்டுமே வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.