கலிடோனிய மலைத்தொடரின் வரலாறு

கலிடோனிய மலைத்தொடர் என்பது ஏறத்தாழ 49 கோடி ஆண்டுகளுக்கும் 39 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் உருவான பழமையான மலைத்தொடராகும். அதன் துண்டுகள் இன்று அயர்லாந்து, ஸ்காட்லாந்து, நார்வே, கிழக்குக் கிரீன்லாந்து ஆகிய இடங்களில் கடலால் பிரிந்து கிடக்கின்றன. ஸ்காட்லாந்துக்கு உரோமர் வழங்கிய கலிடோனியா என்னும் பெயரே இதற்கும் பெயராயிற்று. மலைகளை எழுப்புவது புவித்தட்டுகளின் விளிம்பில் நிகழும் மோதலா, ஆழத்திலிருந்து மேலெழும் வெப்பமா என்ற கேள்விக்கு இத்தொடர் நல்ல எடுத்துக்காட்டு. இங்கு இரண்டுக்குமே சான்று உண்டு.

இம்மலைகளைப் பற்றிய முதல் பெரும் சான்று 1788-இல் கிடைத்தது. ஜேம்ஸ் ஹட்டன் தம் நண்பர்கள் ஜான் பிளேஃபேர், ஜேம்ஸ் ஹால் ஆகியோருடன் படகில் சென்று சிக்கார் முனையைப் பார்த்தார். அங்கே கீழடுக்குப் பாறைகள் செங்குத்தாக நின்றன. அவற்றின் மேல் செந்நிற மணற்கல் சற்றே சாய்ந்து படிந்திருந்தது. கடலடியில் படிந்த பாறை மடிந்து, உயர்ந்து, தேய்ந்த பிறகே மேலடுக்கு படிந்திருக்க வேண்டும். அந்த இடைவெளி ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுகள் என்று இன்று அறிகிறோம். ஹட்டனிடம் அந்த எண் இல்லை. ஆனால் காலம் மிக நீண்டது என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

அடுத்த நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் வடமேற்கில் ஒரு புதிர் எழுந்தது. தொல்லுயிர் எச்சங்கள் கொண்ட இளைய பாறைகளுக்கு மேலே, உருமாறிய படிகப் பாறைகள் கிடந்தன. புவியியல் அளவைத் துறையின் தலைவரான ரோடரிக் மர்ச்சிசன், மேலே இருப்பதால் அவையே இளையவை என்றார். அபர்தீன் பேராசிரியர் ஜேம்ஸ் நிக்கோல் அதை மறுத்து, பிளவுகளின் வழியே பழைய பாறை இடம்பெயர்ந்துள்ளது என்றார். மர்ச்சிசனின் செல்வாக்கே வென்றது. நிக்கோல் 1879-இல் காலமானபோது அவர் கருத்தை ஏற்றவர் மிகச் சிலரே.

முன்பு பள்ளி ஆசிரியராக இருந்த சார்லஸ் லாப்வொர்த் 1882-இல் எரிபோல் பகுதிக்குச் சென்று, அடுக்கடுக்காக வரைபடம் தீட்டினார். பழைய பாறை இளைய பாறையின் மீது தள்ளி ஏற்றப்பட்டிருப்பதை அவர் கண்டார். அந்த உழைப்பில் நோயுற்ற அவர், நகரும் பாறைத்திரள் தம் படுக்கையின் மீது ஊர்வதாக இரவில் உணர்ந்தார் என்று சொல்லப்படுவதுண்டு. பின்னர் அளவைத் துறை பென் பீச், ஜான் ஹார்ன் ஆகியோரை அனுப்பியது. மர்ச்சிசனின் கருத்தை நிலைநாட்டச் சென்றவர்கள் லாப்வொர்த்தின் முடிவுக்கே வந்தனர். மர்ச்சிசனின் சீடரும் அப்போதைய தலைவருமான ஆர்ச்சிபால்டு கெய்க்கி 1884-இல் அதை வெளிப்படையாக ஏற்றார். பதவியில் இருந்தவர் தம் பழைய நிலையை அச்சிலேயே கைவிட்டது பாராட்டத்தக்கது. நிக்கோலுக்கு மட்டும் அது காலம் கடந்த நீதி.

தள்ளியது எது என்பதற்கு விடை 1966-இல் கிடைத்தது. வடமேற்கு ஸ்காட்லாந்தின் டிரைலோபைட்டு எச்சங்கள் வட அமெரிக்க வகையைச் சேர்ந்தவை. வேல்சில் கிடைப்பவை வேறு வகை. இதைக் கொண்டு கனடா அறிஞர் ஜே. டூசோ வில்சன், அட்லாண்டிக்குக்கு முன்பே அங்கு ஒரு கடல் இருந்து மூடிக்கொண்டது என்றார். அட்லசின் தந்தையான ஐயாப்பெட்டசின் பெயர் 1972-இல் அக்கடலுக்குச் சூட்டப்பட்டது. கடல் மூடியதால் கண்டங்கள் மோதின, மலை எழுந்தது. அந்தத் தையல் இன்றைய இங்கிலாந்து–ஸ்காட்லாந்து எல்லைக்கு அருகில் ஓடுகிறது.

ஆழ்வெப்பத்தின் கதை வேறு. மூடகத்தின் அடியிலிருந்து சூடான பாறை தூண்போல் மேலெழுகிறது என்ற கருத்தை ஜேசன் மோர்கன் 1971-இல் முன்வைத்தார். இதை மூடக ஊற்று எனலாம். 6.2 கோடி முதல் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஸ்கை, மல் தீவுகளிலும் கிரீன்லாந்திலும் பெரும் எரிமலைக் குழம்பு வழிந்தது. அயர்லாந்தின் ஜயன்ட்ஸ் காஸ்வே அதன் எச்சமே. அப்போது நிலமும் உயர்ந்தது. அரிப்பில் கழன்ற மணல் வடகடலில் படிந்து, ஃபோர்ட்டீஸ் எண்ணெய் வயலின் தேக்கப் பாறையாயிற்று.

ஆகவே 1345 மீட்டர் உயரமுள்ள பென் நெவிசின் பாறை 40 கோடி ஆண்டுப் பழமையானது. அதன் உயரமோ அவ்வளவு பழையதாக இருக்க வேண்டியதில்லை. பாடநூல்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுவதுண்டு. நார்வேயின் சிகரங்களைப் பற்றி இன்னும் வழக்கு தீரவில்லை. அவை பிற்காலத்தில் மீண்டும் உயர்ந்தவை என்கிறது ஒரு தரப்பு. கலிடோனிய உயரத்தின் மிச்சமே என்கிறது மறுதரப்பு. ஐசுலாந்துக்கு அடியில் ஊற்றே இல்லை, பழைய தையலில் புதைந்த கடலடிப் பாறையே எளிதில் உருகுகிறது என்று கில்லியன் ஃபௌல்கர் வாதிட்டுள்ளார். பாஃபின் தீவுப் பசால்ட்டில் உள்ள மிகுதியான ஹீலியம்-3, ஆழ்மூடகத்திலிருந்து வந்தது என்பது ஊற்றை ஆதரிப்போரின் வலுவான பதில்.