குத்தகை காத்த கொலைநினைவு: நியூயிங்டன் முதல் மாஞ்சோலை வரை

கொலை நடந்த இடங்களைத் தேடிச் சென்று எழுதும் மரபு லண்டனின் ஒயிட்சாப்பலில் வேரூன்றியது. 1888இன் தொடர்கொலைகள் நடந்த இடங்களுள் பக்ஸ் ரோ இன்று டர்வார்ட் தெரு. டார்செட் தெரு அழிந்துவிட்டது. மைட்டர் சதுக்கம் பெயரோடு நிற்கிறது, கட்டடங்கள் மாறிவிட்டன. தெரு எஞ்சினால் நினைவும் எஞ்சும் என்பது இம்மரபின் அடிப்படை நம்பிக்கை. சென்னையின் டி லா ஹே கொலை வழக்கு இந்த நம்பிக்கைக்கு ஒத்துவரவில்லை.

1919 அக்டோபரில் தேனாம்பேட்டை நியூயிங்டன் மாளிகையில், ஜமீன் வாரிசுகளுக்கான கல்விக்கூடத்தின் முதல்வர் கிளெமென்ட் டி லா ஹே இரவில் சுட்டுக் கொல்லப்பட்டார். பழி சிங்கம்பட்டி, கடம்பூர் ஜமீன்களின் இளம் வாரிசுகள் மீது விழுந்தது. வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் சென்று விடுதலையில் முடிந்தது. ஊர் ‘மைனர் பங்களா’ என்று அழைத்த அந்த மாளிகை எங்கே இருந்தது என்று அண்ணா சாலையில் பேருந்துக்கு நின்றவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை. கொட்டிவாக்கத்தில் நான் குடியிருக்கும் வீட்டிலிருந்து தேனாம்பேட்டைக்கு ஒரே பேருந்து போதும். ஆனால் இக்கொலையைக் கதையாகக் கேட்க வேண்டுமென்றால் இரவு ரயிலேறி, மணிமுத்தாறு அணையைக் கடந்து, மாஞ்சோலை மலைக்குத்தான் போகவேண்டும்.

காரணம், ஆய்வாளர் பலர் வழிமொழிந்துவரும் ஒரு வாசிப்பு. வழக்குச் செலவால் சிங்கம்பட்டி ஜமீன் கடனில் மூழ்கியது, அக்கடனைத் தீர்க்கவே 1929 பிப்ரவரியில் ஏறத்தாழ 8,400 ஏக்கர் மாஞ்சோலை மலைக்காட்டைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது என்பது அது. இந்த வாசிப்பின் ஆதாரத்தை நெருங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதன்மைச் சான்றாகக் காட்டப்படுவது ஜமீன் குடும்ப வாய்மொழி. அதைப் பொதுவெளியில் நிலைநிறுத்தியவர் கடைசி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி. ஆடி அமாவாசையன்று சொரிமுத்து அய்யனார் கோவிலில், தலைப்பாகையும் ராஜ உடையுமாக அவர் அமர்ந்திருக்க, மக்கள் வரிசையில் நின்று வணங்கிச் சென்ற காட்சி பலருக்கும் நினைவிருக்கும். 2020 மே மாதம் அவர் மறையும்வரை அந்தச் சொல்லுக்கு இருந்த கனம் அந்த அரியணையின் கனம். ஆனால் அவர் பிறந்தது 1931இல். குத்தகை கையெழுத்தாகி இரண்டு ஆண்டு கழிந்திருந்தது. தந்தையை இழந்து முடிசூடியபோது அவருக்கு மூன்றரை வயது. வழக்கில் சிக்கிய தந்தையின் வாயிலிருந்து இதைக் கேட்டு விளங்கிக்கொள்ளும் பருவமே அவருக்கு வாய்க்கவில்லை. ஆக, நம் கையில் இருப்பது தந்தையின் சாட்சியம் என்று கொள்ள இயலாது. அது அரண்மனை தனக்குத் தானே சொல்லிவந்த வரலாறு. அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் கடன் பத்திரத்தின் இடத்தில் அதை வைக்க முடியாது.

இரண்டாவது, காலம். கொலைக்கும் குத்தகைக்கும் இடையே ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கின்றன. மைனரின் சொத்து, வயது வராத வாரிசுகளின் சொத்தைப் பராமரித்த கோர்ட் ஆஃப் வார்ட்ஸின் கையில் இருக்கும்வரை, 1902ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் தாமாகச் சொத்தின் மீது கடன் சுமத்த முடியாது. எஸ்டேட் பணத்திலிருந்தே செலவு நடந்தது என்றால், அது வருவாய் வாரியத்தின் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். சென்னையில் கோர்ட் ஆஃப் வார்ட்ஸாக இயங்கியதே அந்த வாரியம்தான். வழக்குச் செலவுதான் காரணம் என்போர் அந்தக் கணக்கிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

மூன்றாவது, குத்தகையின் மறுபக்கம். பர்மாத் தேக்கில் வளர்ந்த அந்த நிறுவனம் 1929க்கு முன்பே ஆனைமலையில் முடீஸ் தோட்டங்களை உருவாக்கியிருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் உயரமும் மழையும் உள்ள நிலம் அதற்குத் தேவைப்பட்டது. ஜமீனுக்குப் பணமுடை இருந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விற்பவனின் முடையை மட்டும் சொல்லி வாங்குபவனின் தேவையைச் சொல்லாமல் விடுவது பாதிக் கணக்கு. கொலைக்கதை முன்னுக்கு வந்ததும் நிறுவனம் பின்னுக்குப் போய்விடுகிறது. காடு கைமாறியது ஓர் இளைஞனின் தலைவிதியாகச் சுருங்கிவிடுகிறது.

நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்கலாம். புகை எந்தத் திசையில் அடிக்கிறது என்பதே என் கேள்வி. கடம்பூர் வாரிசும் இதே வழக்கில் சிக்கியவர்தான், வழக்கறிஞர் கட்டணம் அவருக்கும் இருந்தது. ஆயினும் கடம்பூர் என்றதும் ரயில் நிலையத்துப் போளி நினைவுக்கு வருகிறதே தவிர, நியூயிங்டன் வருவதில்லை. சிங்கம்பட்டியோடு மட்டும் கொலை ஒட்டிக்கொண்டது ஏன்? அங்கே நிலத்தின் கேள்வி இன்னும் தீரவில்லை. ஜமீன் ஒழிப்புக்குப் பிறகும் குத்தகை அரசின் கீழ்த் தொடர்ந்தது. காடு களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வு கோரிய மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் ஊர்வலம் திருநெல்வேலியில் கலைக்கப்பட்டபோது தாமிரபரணியில் 17 பேர் மாண்டார்கள். இந்த நிலம் யாருடையது, எப்படிக் கைமாறியது என்ற கேள்வி எழும் ஒவ்வொரு முறையும் தேனாம்பேட்டைத் துப்பாக்கிச் சத்தம் மறுபடி கேட்கிறது.

எனவே என் முடிவு இது: கொலை குத்தகையைப் பெற்றெடுத்தது என்பதற்குச் சான்று மெலிந்தது, குத்தகைதான் கொலையை நினைவில் வைத்திருக்கிறது என்பதற்குச் சான்று வலுவானது. குற்றத்தின் எஞ்சிய இடம் என்று இவ்வழக்கில் எதையாவது சுட்ட வேண்டுமானால், மலைமேல் இருக்கும் தொழிலாளர் லைன் வீடுகளைத்தான் சுட்டுவேன். அவற்றில் தலைமுறைகளாக வாழ்ந்து கொழுந்து பறித்தவர்களுக்கு டி லா ஹே யாரென்றே தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவர்களின் வரலாறு 1919இல் தொடங்கவும் இல்லை.

99 ஆண்டுக் குத்தகை 2028 பிப்ரவரியில் முடிகிறது. அதற்குள் வருவாய் வாரியத்தின் சிங்கம்பட்டிக் கணக்குகளை யாரேனும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அமர்ந்து வரிவரியாகப் படிக்க வேண்டும்.