மடிக்கணினித் திரைக் கோளாறும் வெப்பமும்

மடிக்கணினி சூடேறிய பின் படம் கலைந்தாலோ, கோடுகள் ஓடினாலோ, திரையே இருண்டாலோ பழி பெரும்பாலும் திரைப் பலகத்தின் மீதே விழுகிறது. ஆனால் வெப்பம் திரளும் இடம் மூடிக்குள் இருக்கும் பலகம் அன்று, மதர்போர்டில் உள்ள கிராபிக்ஸ் சிப். ஆகவே பழுது எங்கே என்று நிறுவாமல் பலகத்தை மாற்றுவது வீண் செலவு. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தன் முந்தைய தலைமுறை மடிக்கணினிச் சிப்கள் சில வழக்கத்தைவிட அதிகமாகச் செயலிழப்பதை ஒப்புக்கொண்டு, 15 முதல் 20 கோடி டாலர் வரை அதற்கென ஒதுக்குவதாக அறிவித்தது. டெல், எச்பி நிறுவனங்கள் உத்தரவாதக் காலத்தை நீட்டித்தன. ஜீஃபோர்ஸ் 8600எம் ஜிடி சிப் கொண்ட மேக்புக் ப்ரோ கணினிகளுக்கு இலவசப் பழுதுபார்ப்பு அறிவித்த ஆப்பிள் குறிப்பிட்ட அறிகுறிகள் இரண்டு: கலங்கிய படம், கணினி ஓடிக்கொண்டிருந்தும் படமே வராமை.

அச்சிப்கள் பழுதானது பற்றுக் கலவை (சோல்டர்) உருகியதால் என்ற விளக்கம் இன்றும் பரவலாக உண்டு. ஆனால் ஈயமற்ற பற்றுக் கலவை உருகச் சுமார் 217 டிகிரி செல்சியஸ் வேண்டும். 100 டிகிரியை ஒட்டியே சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் அல்லது கணினி அணைந்துவிடும். உண்மையான காரணம் சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வருவது. சிலிக்கன் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 3 பங்கே விரிகிறது. அதைத் தாங்கும் அடித்தட்டு அதைப்போலப் பல மடங்கு விரிகிறது. இரண்டையும் இணைக்கும் நுண்ணிய பற்றுப் புடைப்புகள் ஒவ்வொரு முறையும் இழுபட்டுக் களைத்துக் கடைசியில் விரிசல் விடுகின்றன. அவற்றைச் சூழ்ந்து தாங்கும் நிரப்புப் பிசின் இயங்கு வெப்பத்திலேயே இளகினால் பளு முழுவதும் புடைப்புகள் மேல்தான்.

பழுதான சிப்புக்கு ஹாட் ஏர் (சூடான காற்று) காட்டியதும் படம் திரும்புகிறதே, அது பற்று உருகி ஒட்டியதற்குச் சான்றாகாதா என்று கேட்கலாம். ஆகாது. விரிசலின் இரு முகங்களும் வெப்பத்தில் அழுந்தித் தற்காலிகமாகத் தொட்டாலே படம் வந்துவிடும். சில வாரங்களில் பழுது திரும்புவதும் அதனால்தான். சிப்பைக் கழற்றி ரீபால் செய்தாலும் புதிதாவது சிப்புக்கும் மதர்போர்டுக்கும் இடையிலான குண்டுகளே. உள்ளிருக்கும் விரிசல் அப்படியே இருக்கும்.

கண்டறிதலில் வெளி மானிட்டர் முதல் சாட்சி. அதிலும் படம் கலைந்தால் பலகத்தையும் கேபிளையும் விட்டுவிடலாம். வெளியே தெளிவாக இருந்தால் சிப் நலம் என்று முடிவுகட்டுவோர் உண்டு; ஆனால் உட்திரைக்கும் வெளித் துறைக்கும் தனித்தனி வழிகள் இருப்பதாலும், சில கணினிகளில் இரண்டு கிராபிக்ஸ் சிப்கள் மாறி மாறி இயங்குவதாலும் அது உறுதியான விடையாகாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு கணினியில் பார்ப்பது இன்னும் கூர்மையான சோதனை: கோடுகள் கோப்பிலேயே பதிந்திருந்தால் அவை பலகத்துக்குப் போகும் முன்னரே தோன்றியவை. இயங்குதளம் ஏறும் முன் பயாஸ் திரையிலேயே கோடு தெரிந்தால் டிரைவர் மென்பொருளை ஐயப்பட வேண்டியதில்லை. மூடியை அசைக்கும்போது படம் வந்து போனால் கேபிளையும், இருண்ட திரையில் டார்ச் அடித்ததும் மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னொளியையும் முதலில் பார்க்க வேண்டும். விசிறியைத் துடைத்துத் தெர்மல் பேஸ்ட் மாற்றுவது விரிசல் விட்ட சிப்பைச் சீராக்காது. விரிசல் விடாத சிப்பின் ஆயுளைத்தான் அது நீட்டும்.