ஆரவாரத்துக்கு அப்பால்: சேன் த்ரோப்பே என்னும் கடற்றுறை

பிரான்சு நாட்டின் தென்கரையில் உள்ள சேன் த்ரோப்பே என்னும் ஊரின் பெயரைக் கேட்டதும், செல்வர்களின் உல்லாசப் படகுகளும் திரை நட்சத்திரங்களும் கோடைக்கால இரவு விருந்துகளுமே பலர் நினைவில் எழும். அந்நினைவு பொய்யன்று. ஆயினும் அது அவ்வூரின் வரலாற்றில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு மட்டுமே உரியது. அதற்கு முன்னர் ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டுகள் அது மீனவர்களும் கப்பலோட்டிகளும் வாழ்ந்த சிறு துறைமுகமாகவே இருந்தது. இன்றும் நிலையாகக் குடியிருப்போர் ஐயாயிரம் பேருக்கும் குறைவு. இன்று புகைவண்டி நிலையம் இல்லாத ஊர் அது. புகழ்பெற்ற பாம்பலோன் கடற்கரைகூட அவ்வூர் எல்லைக்குள் இல்லை. பக்கத்து ஊராகிய ரமத்துவேலைச் சேர்ந்தது. விளம்பரம் காட்டும் ஊர் வேறு, வரலாறு காட்டும் ஊர் வேறு என்பதற்கு இதுவே முதற்சான்று.

ஊரின் பெயருக்குப் பின்னால் ஒரு தொன்மக்கதை உண்டு. உரோமப் பேரரசன் நீரோவின் காலத்தில், பீசா நகரத்தில் தோர்ப்பெஸ் என்னும் அதிகாரி கிறித்துவ நெறியைக் கைவிட மறுத்ததால் தலை வெட்டப்பட்டார். அவருடைய உடலை ஒரு நாயுடனும் சேவலுடனும் படகிலிட்டுக் கடலில் விட்டனர்; படகு இக்கரையில் வந்து ஒதுங்கியது என்பது மரபுவழிச் செய்தி.

தொன்மத்தைக் கடந்து வரலாற்றுக்கு வந்தால், இன்றைய ஊரின் தொடக்கம் 1470 ஆகும். பாழ்பட்டுக் கிடந்த அக்கரையில் செனோவா நகரத்துப் பெருமகன் ரபாயேல் த கரேசியோ சில குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார். அரசுக்கு வரி செலுத்த வேண்டியதில்லை. அதற்கு ஈடாக ஊரைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும் என்பது உடன்படிக்கை. இவ்வுரிமை பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நீடித்தது. 1558 முதல் ஊர்ப்படைக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் உண்டாயிற்று. 1637 ஜூன் 15 அன்று, துறைமுகத்திலிருந்த கப்பல்களைக் கைப்பற்ற வந்த இருபதுக்கும் மேற்பட்ட இசுப்பானியப் போர்ப்படகுகளை ஊரார் திருப்பி அடித்தனர். ஆண்டுதோறும் மே 16, 17, 18 ஆகிய நாட்களில் நடைபெறும் ‘பிரவாத்’ திருவிழா அந்தப் பழைய காவற்கடமையின் எச்சமாகும். புனிதரின் மார்பளவுச் சிலையைத் தெருக்களில் சுமந்து செல்ல, பழங்காலப் படைவீரர் உடையணிந்த ஊரார் குண்டில்லாத துப்பாக்கிகளை வெடித்தவாறு உடன் செல்வர். வந்துபோவோருக்காக அமைத்த விழாவன்று அது. அவ்வூர் மக்கள் தமக்காகவே கொண்டாடுவது.

துறைமுகத்தின் விளிம்பில், உல்லாசப் படகுகளுக்கு எதிரே, ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. 1866இல் நிறுவப்பெற்ற அச்சிலை கடற்படைத் தளபதி பியர் ஆந்த்ரே த சுஃப்ரென் உடையது. பகைவரிடம் கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி அதனை வார்த்ததாகக் கூறுவர். சுஃப்ரென் குடும்பத்தினர் சேன் த்ரோப்பேயின் நிலவுரிமைப் பிரபுக்கள். தமிழ்க்கரையின் வரலாற்றை அறிந்தவருக்கு இப்பெயர் புதிதன்று. 1782 பிப்ரவரி 17இல் சதுரங்கப்பட்டினம், ஏப்ரல் 12இல் இலங்கையின் கீழைக்கரை, ஜூலை 6இல் நாகப்பட்டினம், செப்டம்பர் 3இல் திருகோணமலை, 1783 ஜூன் 20இல் கடலூர் என ஐந்து முறை ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹியூசை அவர் எதிர்கொண்டார். 1782 ஜூலையில் கடலூருக்கு அருகே ஐதர் அலியையும் நேரில் சந்தித்தார். புதுச்சேரியில் இன்றும் அவர் பெயரால் ஒரு வீதி உண்டு. அக்காலப் புதுச்சேரியின் தமிழ் ஆவணமாக, 1778 முதல் 1792 வரையிலான ஆண்டுகளைத் தழுவிய இரண்டாம் வீராநாயக்கர் நாட்குறிப்பு நமக்குக் கிடைத்துள்ளது. அதே போர்க்காலத்தில் சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையும் கொடிய பஞ்சம் வாட்டியது. வெண்கலம் வீரத்தை மட்டுமே நினைவில் வைக்கிறது. பசியை நினைவில் வைப்பது எழுத்தின் கடமையாகி விடுகிறது.

சிலைகளின் பேச்சு இவ்வாறிருக்க, அவ்வூரின் அடங்கிய அழகை உணர்த்துவது மற்றொரு இந்தியத் தொடர்பு. 1785இல் சேன் த்ரோப்பேயில் பிறந்த ழான் பிரான்சுவா அலார், நெப்போலியனின் படையில் பணியாற்றியவர். பேரரசு வீழ்ந்தபின் கீழ்த்திசை நாடி, 1822இல் லாகூரை அடைந்து மகாராசா ரஞ்சித் சிங்கின் குதிரைப்படையைப் பிரெஞ்சு முறையில் பயிற்றுவித்தார். இமயமலைச் சாரலிலுள்ள சம்பாவைச் சேர்ந்த பன்னு பான் தேயி என்னும் இளம்பெண்ணை மணந்தார். 1830களின் நடுவில் மனைவி மக்களுடன் சொந்த ஊர் வந்த அவர், அவர்களை அங்கேயே குடியமர்த்திவிட்டுத் தாம் மட்டும் பஞ்சாபுக்குத் திரும்பினார். 1839 சனவரியில் பெசாவரில் இறந்தார்; உடல் லாகூரில் அடக்கம் செய்யப்பெற்றது. பான் தேயி கணவரை மறுபடி காணவில்லை. அதன் பின்னும் நாற்பத்தைந்து ஆண்டுகள் அந்தக் கடற்றுறையிலேயே வாழ்ந்து, 1884இல் அங்கேயே காலமானார்.

மொழியும் சமயமும் உணவும் வேறான ஓர் ஊரில், கடல் கடந்து சென்றவர் வரமாட்டார் என்று அறிந்தபின் ஒரு பெண் கழித்த நாற்பத்தைந்து ஆண்டுகள் அவை. அவருக்காகக் கட்டப்பட்ட மாளிகை இன்று அவர் பெயர் தாங்கிய தங்கும் விடுதியாக உள்ளது. 2016இல் அலார், பான் தேயி, ரஞ்சித் சிங் ஆகிய மூவரின் மார்பளவுச் சிலைகளும் அவ்வூரில் வைக்கப்பெற்றன. துறைமுகத்திலிருந்து சில நிமிட நடைத் தொலைவில் உள்ள இவ்விடங்களைத் தேடிச் செல்வோர் சிலரே.

அவ்வூரை உலகம் அறியச் செய்தவர்கள் கலைஞர்கள். எழுத்தாளர் மோப்பசான் தம் பாய்மரப் படகில் அக்கரையோரம் சென்ற அனுபவங்களை 1888இல் நூலாக்கினார். ஓவியர் போல் சிஞ்ஞாக் 1892இல் தம் படகில் வந்திறங்கினார். சில ஆண்டுகளில் வீடு ஒன்றையும் வாங்கினார். தென்கரைத் துறைமுகங்களில் வடக்கு நோக்கி அமைந்த அரிய துறைமுகம் அது. ஆகவே மாலை வெயில் சாய்வாக வந்து, காவியும் இளமஞ்சளும் பூசிய வீட்டுச் சுவர்களில் நெடுநேரம் தங்கும். வண்ணத்தைப் புள்ளி புள்ளியாகப் பிரித்துத் தீட்டிய சிஞ்ஞாக்குக்கு வேறென்ன வேண்டும்? 1904 கோடையில் அவருடைய அழைப்பை ஏற்று மத்தீஸ் வந்தார். அங்குக் கண்ட காட்சியிலிருந்து பிறந்த ஓவியத்துக்குப் பொதலேரின் கவிதையிலிருந்து பெயர் சூட்டினார். அவ்வோவியத்தைச் சிஞ்ஞாக்கே விலைக்கு வாங்கினார். ஓர் ஓவியம், ஒரு கவிதை, ஒரு நட்பு ஆகிய மூன்றும் கூடிய இடமாக அக்கடற்கரை இலக்கியர்க்கு நெருக்கமாகிறது.

இக்கலைச்செல்வம் இன்று துறைமுகத்தருகே உள்ள அனோன்சியாத் என்னும் சிறு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த வழிபாட்டுக்கூடம் அது. பிரெஞ்சுப் புரட்சிக்குப்பின் வழிபாடு நின்றது. ழோர்ழ் கிராமோன் என்னும் கலையன்பரின் கொடையால் 1955இல் இன்றைய வடிவில் திறக்கப்பெற்றது. சிஞ்ஞாக், மத்தீஸ், பொன்னார் முதலியோரின் படைப்புகள் தாம் பிறந்த ஒளிக்கு அருகிலேயே தொங்குகின்றன. படகுகளைக் காண நிற்கும் கூட்டத்தில் மிகச் சிலரே அவ்வாயிலுள் நுழைகின்றனர்.

எழுத்தாளர் கொலெத் 1920களின் நடுவில் ஊருக்கு வெளியே கொடிமுந்திரித் தோட்டத்துடன் கூடிய எளிய வீடொன்றை வாங்கினார். 1928இல் வெளிவந்த அவருடைய நாவலில் அவ்வீடும் தோட்டமும் கடலும் நிறைந்துள்ளன. விடியலில் எழுந்து தோட்டவேலை செய்வதும், வெறுங்காலுடன் நடப்பதும், பூண்டும் எண்ணெயும் மணக்கும் உணவுமே அவர் கண்ட சேன் த்ரோப்பே. 1927இல் ரொந்தினி குடும்பத்தார் தொடங்கிய பட்டறையில் செய்யப்படும் தோல்வார்ச் செருப்பு அந்த எளிமையின் சின்னம்: சில வார்கள், ஒரு தட்டையான அடித்தோல், அதற்குமேல் அலங்காரம் இல்லை. பின்னாளில் நாகரிகத்தின் உச்சம் என உலகம் போற்றிய உடைநடை, வெயிலில் உழைக்கும் ஊரின் தேவையிலிருந்து பிறந்ததே.

ஆனால் கொலெத் போன்றோரின் எழுத்தும் சிஞ்ஞாக் போன்றோரின் வண்ணமும் கூட்டத்தையும் அழைத்துவந்தன. கூட்டம் பெருகவே, 1938இல் கொலெத் அவ்வீட்டை விற்று வெளியேறினார். 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய செருமானியப் படையினர் துறைமுகத்தை வெடிவைத்துத் தகர்த்தனர். இங்கேதான் ஊரார் தம் இயல்பைக் காட்டினர். உயர்ந்த புதுக் கட்டடங்களை எழுப்பும் வாய்ப்பிருந்தும், பழைய உயரத்திலும் பழைய வண்ணத்திலுமே வீடுகளை மீண்டும் கட்டினர். இன்று பழைமையெனப் போற்றப்படும் துறைமுக முகப்பில் பெரும்பகுதி, போருக்குப்பின் பிடிவாதமாக மீட்டெடுக்கப்பட்டதாகும்.

1956இல் ரொழே வதீம் இயக்கிய திரைப்படமும் அதில் நடித்த பிரிழித் பர்தோவின் புகழும் ஊரை உலகச் சந்தைக்குக் கொண்டுசென்றன. மீனவர் குடியிருந்த லா போன்ஷ் பகுதியின் குறுகிய சந்துகளில் இன்று மீனவர் வாங்க இயலாத விலையில் வீடுகள் விற்கின்றன. பல வீடுகளின் சாளரங்கள் குளிர்காலம் முழுதும் மூடியே கிடக்கின்றன. அடக்கமான அழகுக்காகவே நாடப்பட்ட ஊர், நாடியவர்களாலேயே அவ்வழகை இழக்கும் நிலைக்கு வந்தது.

எழுதுவோர் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது. ஓர் இடத்தைப் புகழ்ந்து பாடுவது அதனைக் காப்பதும் ஆகலாம், விற்பதும் ஆகலாம். சிஞ்ஞாக் தீட்டியதால்தான் அந்த ஒளி நமக்குக் கிடைத்தது. அதனாலேயே அந்த அமைதி பிறர்க்குக் கிடைக்காமலும் போயிற்று. இம்முரணுக்குத் தீர்வு எளிதன்று. எனினும் புகழின் முகப்பிலேயே நின்றுவிடாமல் பின்தெருக்களுக்கும் வாசகனை அழைத்துச் செல்லும் எழுத்து, அவ்வூருக்கு இழைத்த குறையை ஓரளவேனும் ஈடுசெய்யும்.

அப்பின்தெருக்கள் இன்னும் முற்றும் மறையவில்லை. செவ்வாயும் சனியும் காலையில் லீஸ் திடலில் சந்தை கூடுகிறது. மற்ற வேளைகளில் அதே மரநிழலில் முதியோர் இரும்புக் குண்டுகளை உருட்டி விளையாடுகின்றனர். மேட்டில் பதினேழாம் நூற்றாண்டுக் கோட்டை நிற்கிறது. அதனுள் 2013 முதல் அவ்வூர்க் கடலோடிகளின் வரலாற்றைக் கூறும் அருங்காட்சியகம் இயங்குகிறது. கோட்டைக்குக் கீழே, அலைகளுக்கு அருகே, கடலைப் பார்த்தவாறு ஊரின் இடுகாடு. படகுகள் கோடை முடிந்ததும் போய்விடும். சென்றவர்களுக்காகக் காத்திருந்து பழகிய அவ்வூர், அதன்பின் தன் வழக்கமான அமைதிக்குத் திரும்புகிறது.