எல்லை தாண்டும் இணைய வணிக வரி

ஒரு நாட்டு நிறுவனம் இன்னொரு நாட்டு மக்களுக்கு இணையம் வழியே விற்கும்போது வரி யாருக்கு? இந்த விற்பனையில் இரண்டு வரிகள் உண்டு: வாங்குபவர் தரும் நுகர்வு வரி, விற்பவரின் லாபத்துக்கான வருமான வரி. முன்னதில் நாடுகள் ஏறக்குறைய உடன்பட்டுவிட்டன. பின்னதுதான் இழுபறி.

உடன்பட்ட நெறியைத் திருத்தணியிலேயே பார்க்கலாம். சித்தூர் மாவட்டத்திலிருந்து 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு இணைந்த ஊர் இது. எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தின் நகரியில் உள்ள வியாபாரியிடம் திருத்தணிக்காரர் இணையத்தில் விசைத்தறிச் சேலை வாங்கினால், பில்லில் ஐஜிஎஸ்டி என்ற ஒரே வரிதான் இருக்கும். அதன் மாநிலப் பங்கு, சேலை வந்துசேரும் தமிழ்நாட்டுக்கே வரும். நுகரும் இடத்துக்கே வரி என்பதை 1998 ஒட்டாவா மாநாட்டில் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் (ஓஇசிடி) நாடுகள் ஏற்றன. வெளிநாட்டுத் தளங்களின் சந்தாவுக்கு இந்தியாவில் 18% ஜிஎஸ்டி விதிக்கப்படுவதும் இதே நெறிப்படிதான்.

லாபத்தின் கதை வேறு. வெளிநாட்டு நிறுவனத்துக்கு உள்நாட்டில் நிலையான அலுவலகம் இருந்தால்தான் அதன் வியாபார லாபத்துக்கு வரி கேட்கலாம் என்கின்றன நாடுகளுக்கிடையேயான பழைய வரி ஒப்பந்தங்கள். இணைய நிறுவனத்துக்கு அலுவலகமே தேவையில்லை. அதனால் 2016 ஜூன் 1 முதல் இந்தியா சமன்படுத்தும் வரி கொண்டுவந்தது. திருத்தணி மலையடிவார விடுதிக்காரர் அத்தகைய நிறுவனம் ஒன்றுக்கு ஆண்டில் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் விளம்பரக் கட்டணம் தந்தால், அதில் 6% பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியிருந்தது. 2020 ஏப்ரலில் வெளிநாட்டு மின்வணிகத் தளங்களின் வருவாய்க்கும் 2% வந்தது.

அமெரிக்கா இந்த 2% வரியைப் பாரபட்சமானது என்றது. இந்திய இறால், பாசுமதி அரிசி உள்ளிட்டவற்றுக்கு 2021 ஜூனில் 25% பதில் வரி அறிவித்து, உடனே நிறுத்தியும் வைத்தது.

அந்த ஆண்டு அக்டோபரில், இந்த இழுபறியைத் தீர்க்க ஓஇசிடி முன்வைத்த இரண்டு தூண் வரித் திட்டத்துக்கு 136 நாடுகள் உடன்பட்டன. இலங்கை சேரவில்லை. பெருநிறுவன லாபத்துக்குக் குறைந்தது 15% வரி என்ற இரண்டாம் தூண் ஐரோப்பா, ஜப்பான் போன்ற இடங்களில் நடைமுறைக்கு வந்தது. வாடிக்கையாளர் இருக்கும் நாட்டுக்கு லாபத்தில் பங்கு தரும் முதல் தூண்தான் இந்தியாவுக்கு முக்கியம். முடங்கியதும் அதுவே.

இந்தியா 2% வரியை 2024 ஆகஸ்டிலும், அமெரிக்காவோடு வர்த்தகப் பேச்சு நடந்த வேளையில் 6% வரியை 2025 ஏப்ரலிலும் கைவிட்டது. கையிலிருந்த வரி போனது. ஈடாக வரவேண்டிய உடன்படிக்கையோ கையெழுத்தாகவில்லை. இது வளரும் நாடுகளுக்கு நேர்ந்த அநீதி.

இப்போது பேச்சு ஐநா சபைக்கு மாறியிருக்கிறது. எல்லை தாண்டும் சேவைகளின் வருமானத்துக்குத் தனி நெறிமுறை வகுக்க 2024 டிசம்பரில் ஐநா பொதுச்சபை வழிவகுத்தது. 2025 பிப்ரவரியில் அமெரிக்கா பேச்சிலிருந்து வெளியேறியது. மற்ற நாடுகள் 2027ஐ இலக்காக வைத்துள்ளன.