டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியின் 1989ஆம் ஆண்டுப் பருவம்

அமெரிக்கக் கால்பந்தின் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில், டல்லாஸ் கவ்பாய்ஸ் அணி 1989இல் 16 ஆட்டங்கள் ஆடி 15இல் தோற்றது. தோன்றிய ஆண்டான 1960இல் ஒரு வெற்றிகூடக் காணாத அந்த அணி, அதற்குப் பின் இவ்வளவு தாழ்ந்ததில்லை. பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் இடத்தில், புதுமுகமான டிராய் எய்க்மன் தொடக்கம் முதல் களமிறங்கிய 11 ஆட்டங்களும் தோல்வியில் முடிந்தன. ஆனால் அடுத்த பத்தாண்டின் மிக வலுவான அணிகளுள் ஒன்றுக்கு அடித்தளம் இடப்பட்டதும் இதே பருவத்தில்தான்.

சரிவு முன்பே தொடங்கியிருந்தது. 29 பருவங்கள் பயிற்சியாளராக இருந்து லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் இரண்டு பட்டங்களைத் தேடித்தந்த டாம் லாண்ட்ரியின் அணி, 1988இல் மூன்றே ஆட்டங்களில் வென்றது. 1989 பிப்ரவரியில் அணியை வாங்கிய எண்ணெய்த் தொழிலதிபர் ஜெர்ரி ஜோன்ஸ், வந்தவுடன் லாண்ட்ரியை நீக்கிவிட்டு, ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் தன்னுடன் ஆடிய ஜிம்மி ஜான்சனைப் பயிற்சியாளராக அமர்த்தினார். மாற்றம் தேவைப்பட்டது உண்மை. அது செய்யப்பட்ட விதம் டெக்சஸ் ரசிகர்களைப் புண்படுத்தியதும் உண்மை.

முந்தைய பருவத்தில் கடைசி இடம் பெற்ற அணிக்கே, கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் வாய்ப்பு கிடைக்கும். அந்த வாய்ப்பில் கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்திலிருந்து எய்க்மனை டல்லாஸ் எடுத்தது. சில மாதங்களுக்குள் நடந்த துணை டிராஃப்டில், மயாமி பல்கலைக்கழகத்தில் ஜான்சனிடம் பயின்ற ஸ்டீவ் வால்ஷ் என்ற மற்றொரு குவார்ட்டர்பேக்கையும் எடுத்தது. அதற்கு விலையாக 1990ஆம் ஆண்டின் முதல் சுற்று உரிமையை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. 1989இன் முடிவைப் பார்க்கையில், அது மொத்த டிராஃப்டிலும் முதல் இடமாக இருந்திருக்கும். பயிற்சியாளரின் பழைய மாணவரே போட்டியாக நிற்க, ஓர் இளைஞர் தன் முதல் ஆண்டைத் தொடங்குவது எளிதன்று.

முதல் ஆட்டத்தில் நியூ ஆர்லியன்ஸ் அணியிடம் 28–0 எனத் தோல்வி. நான்காம் ஆட்டத்தில் எய்க்மனின் இடக்கைச் சுட்டுவிரல் முறிந்தது. அவர் இல்லாத ஐந்து ஆட்டங்களை வால்ஷ் ஆடினார். நவம்பர் 5இல் வாஷிங்டனை 13–3 என வென்றது அவர் தலைமையில்தான். பருவத்தின் ஒரே வெற்றி அது.

அணியின் எதிர்காலத்தை மாற்றிய நிகழ்வு களத்துக்கு வெளியே நடந்தது. அக்டோபர் 12இல், அணியின் ஒரே பெரிய நட்சத்திரமான ஹெர்ஷெல் வாக்கரை ஜான்சன் மினசோட்டா வைக்கிங்ஸுக்குக் கொடுத்தார். வாக்கர் பந்தைத் தூக்கி ஓடும் ரன்னிங் பேக். முந்தைய பருவத்தில் 1,514 யார்டு ஓடியவர். மாற்றாக டல்லாஸுக்கு ஐந்து வீரர்களும், பல டிராஃப்ட் உரிமைகளும் வந்தன. உரிமைகள் சிலவற்றுக்கு ஒரு நிபந்தனை இருந்தது: வந்த வீரர்களை டல்லாஸ் நீக்கினால்தான் அவை கைக்கு வரும். அவர்களை டல்லாஸ் தக்கவைத்துக்கொள்ளும் என்று மினசோட்டா எண்ணியது. ஜான்சனின் கண்ணோ தொடக்கம் முதலே அந்த உரிமைகள் மேல்தான் இருந்தது. அவற்றைப் பயன்படுத்தியும் கைமாற்றியும் எம்மிட் ஸ்மித், டேரன் உட்சன் போன்றோரை அவர் சேர்த்தார். 18,355 யார்டு ஓடி லீக் சாதனை படைத்தவர் ஸ்மித்.

எதிர்காலத்துக்காக நிகழ்காலத்தை விற்ற இந்தக் கணக்கில், அடி வாங்கியவர் எய்க்மன். ஓட்டத்துக்கு வாக்கர் இல்லை. பந்தைப் பிடிப்பவர்களுள் சிறந்தவரான மைக்கேல் இர்வின் முழங்கால் காயத்தால் வெளியேறினார். எறிவதைத் தவிர வேறு வழியில்லாத அணி என்பதை எதிரணிகள் அறிந்திருந்தன. நவம்பர் 12இல் காயத்திலிருந்து மீண்டு பீனிக்ஸ் கார்டினல்ஸுக்கு எதிராக ஆடியபோது, எய்க்மன் 379 யார்டு எறிந்து புதுமுகங்களுக்கான அன்றைய சாதனையைப் படைத்தார். இறுதிக் கட்டத்தில் ஜேம்ஸ் டிக்சனுக்கு 75 யார்டு டச்டவுன் எறிந்து அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். அந்த எறிதலின்போது பட்ட அடியில் மயங்கி விழுந்தார். ஆட்டம் 24–20 எனக் கைநழுவியது. இன்றைய தலைக்காய விதிகள் அன்று இல்லை. அவருக்குப் போதிய பாதுகாப்பு தராத நிர்வாகத்தை இதில் குறை சொல்லாமல் இருக்க முடியாது.

பருவ முடிவில் எய்க்மன் பெயரில் 1,749 யார்டு, 9 டச்டவுன், எதிரணியின் கைக்குப் போன 18 எறிதல்கள் (இண்டர்செப்ஷன்) இருந்தன. இவற்றை மட்டும் வைத்து அவரைத் தோற்றுப்போனவர் என்று முடிவுகட்டியவர்கள் அன்று உண்டு. சிதைந்த அணியின் எண்களை ஒரே வீரர் தலையில் ஏற்றிய தவறு அது. 1990 பருவத்தின் தொடக்கத்தில் வால்ஷ் நியூ ஆர்லியன்ஸுக்கு மாற்றப்பட்டார். டல்லாஸ் அந்த ஆண்டு 7 ஆட்டங்களிலும், 1991இல் 11 ஆட்டங்களிலும், 1992இல் 13 ஆட்டங்களிலும் வென்றது.

1993 ஜனவரி 31இல் பஃபலோ அணியை 52–17 என வீழ்த்தி டல்லாஸ் சூப்பர் பவுலைக் கைப்பற்றியது; ஆட்ட நாயகன் எய்க்மன். 1993, 1995 பருவங்களிலும் பட்டம் அதே அணிக்குக் கிட்டியது. எய்க்மன் 2006இல் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார்.